கழிவிலிருந்து அமிலமும் எண்ணெயும்: நுண்ணுயிர் நொதித்தலுக்கு முழுமையான வழிகாட்டி

கழிவை நொதிக்க வைக்க யாரும் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. ஈரமான உணவுக் கழிவை வாளியில் போட்டு மூடினால் இரண்டு நாளில் அதுவே புளித்துவிடும். அமிலமும் உருவாகியிருக்கும். தலைவலி அதற்குப் பிறகுதான். அந்த அமிலம் நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே அதிகம், மீதி அத்தனையும் தண்ணீர். தண்ணீரிலிருந்து அதை எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்காமல் தொடங்கிய பல திட்டங்கள் நாற்றம் பிடித்த ஒரு பீப்பாய் திரவத்தோடு நின்றுபோகின்றன.

அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. கடைசியில் கையில் என்ன வேண்டும், அதை எப்படிப் பிரிப்பது என்பதை முதலில் முடிவு செய்வோம். நுண்ணுயிர், கழிவு, கலன் எல்லாம் அப்புறம். ஆய்வக வசதி உள்ள மாணவர்களையும், குடுவை அளவில் தொடங்கிச் சில லிட்டர் கலன் வரை போக நினைக்கும் சிறு குழுக்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சமையலறை மேசையில் செய்யும் வேலை இல்லை இது.

எதை எடுக்கப் போகிறோம்

முதல் குடும்பம் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் வருவதற்கு முந்தைய கட்டத்தில் உருவாகிறவை இவைதான். கலப்பு பாக்டீரியா போதும், கழிவைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டாம், ஏறக்குறைய எந்த ஈரக் கழிவும் ஒத்துவரும். இவ்வளவு சௌகரியத்துக்கும் சேர்த்து பிரிக்கும்போது விலை கொடுக்க வேண்டும். அசெட்டிக் அமிலம் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், 118 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். காய்ச்சி எடுக்க நினைத்தால் முதலில் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, லாக்டிக், சிட்ரிக், சக்சினிக் போன்ற தனி அமிலங்கள். ஒரே ஒரு நுண்ணுயிரைத் தனியாக வளர்த்து எடுக்கிறவை. இது புதிய தொழில் இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக நன்றாக மாற்றும் என்று அமெரிக்க உணவு வேதியியலாளர் ஜேம்ஸ் கரி 1917இல் காட்டினார். 1919இல் ஃபைசர் நிறுவனம் அந்த முறையில் தொழில் அளவு உற்பத்தியைத் தொடங்கியது. இந்த வகைக்கு ஓரளவு சுத்தமான சர்க்கரை ஓட்டம் தேவை. வெல்லப்பாகு, பாலாடைக்கட்டி தயாரிப்பில் மிஞ்சும் மோர்நீர், மாவுச்சத்துத் தொழிலின் கழிவுநீர் போன்றவை பொருந்தும். எல்லாம் கலந்த உணவுக் கழிவை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பாக, பாலிமருக்கான லாக்டிக் அமிலம் வேண்டுமென்றால் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போன்ற அதன் இரண்டு ஒளியியல் வடிவங்களில் ஒன்று மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். புளித்துப்போன கழிவில் இரண்டும் ஏற்கெனவே கலந்து கிடக்கும், பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

மூன்றாவது எண்ணெய். இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, குறுஞ்சங்கிலி அமிலங்களை இன்னும் நீட்டி, ஆறு கார்பன் கொண்ட காப்ரோயிக் அமிலமாக்குவது. இது அமிலம்தான், ஆனாலும் எண்ணெய் போலத் தண்ணீரின் மேல் மிதக்கும். இன்னொன்று, எண்ணெய் சேமிக்கும் ஈஸ்ட்டை வளர்ப்பது. உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ப்பவற்றைத்தான் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். யாரோவியா லிப்போலிட்டிக்கா, லிப்போமைசெஸ் ஸ்டார்க்கேயி, ரோடோடொருலா டோருலாய்ட்ஸ் மூன்றும் அதிகம் ஆராயப்பட்டவை. எண்ணெய் செல்லுக்குள்ளேயே இருப்பதால் மையவிலக்கில் சுற்றினால் செல்லோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும்.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அமில நீரைப் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்தும் வழி. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நைட்ரேட்டை நீக்கும் பாக்டீரியாவுக்குக் கார்பன் உணவு தேவை. அதற்கு மெத்தனாலோ அசெட்டிக் அமிலமோ வாங்கி ஊற்றுகிறார்கள். உங்கள் அமில நீர் அந்த இடத்தில் நேராகப் பொருந்தலாம், அதில் உள்ள அம்மோனியாவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால். பக்கத்தில் அப்படி ஒரு பயன்பாடு இருந்தால் பிரித்தெடுக்கும் வேலைக்கே போகாதீர்கள்.

கழிவை அளந்து பார்ப்பது

கழிவைப் பார்த்தவுடன் கலனில் கொட்டிவிட வேண்டாம். நான்கு எண்கள் கையில் இருக்க வேண்டும். 105 டிகிரியில் உலர்த்தினால் மொத்தத் திடப்பொருள் தெரியும். அதையே 550 டிகிரி உலையில் எரித்து, மிஞ்சும் சாம்பலைக் கழித்தால் கரிமத் திடப்பொருள். மூன்றாவது சிஓடி, அதாவது அதில் உள்ள கரிமப் பொருளை முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. நான்காவது மொத்த நைட்ரஜன். கொழுப்பும் உப்பும் அதிகம் என்று சந்தேகம் இருந்தால் அவற்றையும் பாருங்கள். இரண்டும் நுண்ணுயிர்களைப் படுத்தும்.

சிஓடியை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், அது நொதித்தலில் காணாமல் போகாது. உள்ளே போன சிஓடி அமிலமாகவோ, வாயுவாகவோ, செல்லாகவோ, கரையாத மிச்சமாகவோ எங்காவது இருந்தே ஆக வேண்டும். ஒரு கிராம் அசெட்டிக் அமிலம் 1.07 கிராம் சிஓடி, புரோப்பியோனிக் 1.51, பியூட்டிரிக் 1.82, காப்ரோயிக் 2.21. இந்த எண்களை ஆய்வகச் சுவரிலேயே ஒட்டிவிடலாம்.

ஒரு கிலோ உணவுக் கழிவுக்கு ஏட்டுக் கணக்கு போடுவோம். திடப்பொருள் 20 சதவீதம் என்றால் 200 கிராம். அதில் 90 சதவீதம் கரிமம் என்றால் 180 கிராம். கிராமுக்கு 1.4 சிஓடி என்று வைத்தால் சுமார் 250 கிராம். அதில் பாதி அமிலமாக மாறினால், அது நல்ல விளைச்சல்தான், 125 கிராம் சிஓடி. கலவை அமிலத்தின் சராசரி 1.4 என்று கொண்டால் கிட்டத்தட்ட 90 கிராம் அமிலம். கலக்கிவிடத் தண்ணீர் சேர்த்து மொத்தம் 4 லிட்டர் ஆக்கியிருப்போம். ஆக லிட்டருக்கு 22 கிராம். தொடக்கத்தில் சொன்ன நூற்றுக்கு இரண்டு பங்கு இதுதான்.

இதோடு இன்னொரு எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். 90 கிராம் அமிலம் என்பது சுமார் 1.25 மோல். பிஎச் 6இல் வைத்திருக்க வேண்டுமானால் அதில் பெரும்பகுதியை நடுநிலையாக்க வேண்டும். அதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு 45 கிராம் வரை போகும். கழிவிலுள்ள புரதம் சிதைந்து வரும் அம்மோனியா இதில் ஒரு பங்கைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றாலும், செலவுப் பட்டியலில் காரத்துக்கு ஒரு பெரிய வரி உண்டு. முதல் திட்ட அறிக்கையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் வரியும் இதுதான்.

முன்பதப்படுத்துதல்

உணவுக் கழிவுக்கு அரைத்தால் போதும். சில மில்லிமீட்டர் துகளாக இருந்தால் பாக்டீரியாவே பார்த்துக்கொள்ளும். மோர்நீர், வெல்லப்பாகு போன்ற திரவங்களுக்கு நீர்த்தல் மட்டும். வைக்கோல், சக்கை, மரத்தூள் மாதிரியானவைதான் பிடிவாதம் பிடிக்கும். 0.5 முதல் 2 சதவீத சல்பியூரிக் அமிலத்தில் 121 டிகிரியில் வேகவைத்து, பிறகு செல்லுலேஸ் நொதியை 50 டிகிரி, பிஎச் 5 சுமாரில் விட்டால் சர்க்கரை வரும். சூடு அதிகமானால் ஃபர்ஃப்யூரல் போன்ற நச்சுப் பொருட்களும் கூடவே வரும், ஈஸ்ட் அதில் முடங்கிவிடும். முதல் முயற்சிக்கே வைக்கோலை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. கற்றுக்கொள்ள வேண்டியது நொதித்தல், ஆனால் நேரமெல்லாம் வைக்கோலை உடைப்பதிலேயே போய்விடும்.

கலனை மூடும் முன்

காற்றில்லா நொதித்தலில் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் அது தீப்பிடிக்கும். புரதமும் சல்பேட்டும் உள்ள கழிவில் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். அழுகிய முட்டை வாடை அடிக்கும்வரை எச்சரிக்கை இருக்கிறது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆபத்து அங்கேதான். எனவே வாயு வெளியேறும் குழாயைப் புகைபோக்கி அலமாரிக்கோ வெளிக்காற்றுக்கோ கொண்டுபோங்கள். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஒருபோதும் நொதிக்க விடாதீர்கள், அழுத்தம் ஏறி வெடிக்கும். பெரிய கலனுக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பது, தனியாளாக உள்ளே இறங்குவது இரண்டும் உயிரோடு விளையாடுவது. பியூட்டிரிக் அமிலம் சட்டையில் பட்டால் துவைத்தாலும் வாடை லேசில் போகாது. அது ஆபத்து இல்லை, ஆனால் வீட்டுக்குப் போகும்போது தெரியும்.

அமிலப் பாதை

கரிமப் பொருள் காற்றில்லாமல் சிதைவது ஒரு தொடர் ஓட்டம். முதலில் பெரிய மூலக்கூறுகள் உடையும், பிறகு சர்க்கரையும் அமினோ அமிலமும் புளித்து அமிலங்களாகும், கடைசியில் மீத்தேன் நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களைத் தின்று வாயுவாக விடும். நமக்கு வேண்டியது நடுக்கட்டம். ஆக முழு வேலையும் மீத்தேன்காரர்களை உள்ளே குடியேற விடாமல் தடுப்பதுதான்.

அவர்களுக்கு இரண்டு பலவீனம். பிஎச் 6.5க்குக் கீழே போனால் திணறுவார்கள். மெதுவாகப் பெருகுவார்கள், அசெட்டிக் அமிலத்தில் வாழும் சில வகைகள் இரட்டிப்பாகப் பல நாள் எடுக்கும். எனவே பிஎச் 5.5 முதல் 6.2 வரை பிடித்துவைத்து, ஒரு பக்கம் ஊட்டி மறுபக்கம் வெளியே எடுத்துக்கொண்டே இருக்கும் கலனில் திரவம் 3 முதல் 5 நாளுக்கு மேல் தங்காமல் பார்த்துக்கொண்டால் அவர்கள் பெருகும் முன்பே வெளியே அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். விதைச் சேற்றை, அதாவது பாக்டீரியாவுக்காகத் தொடக்கத்தில் சேர்க்கும் சேற்றை, 90 டிகிரியில் கால் மணி முதல் அரை மணி நேரம் சூடாக்கும் வழக்கமும் உண்டு. மீத்தேன் நுண்ணுயிர்கள் சாகும், சூட்டைத் தாங்கும் வித்தாக மாறும் க்ளாஸ்ட்ரிடியம் வகைகள் பிழைக்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் கிருமி நீக்கப்படாத கழிவை நாள்தோறும் ஊட்டும்போது அதன் பலன் தேய்ந்துகொண்டே போகும். நிரந்தரக் காவல் பிஎச்சும் தங்கும் காலமும்தான்.

குடுவைச் சோதனையை இப்படி அமைக்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் 700 மில்லி மட்டும் நிரப்புங்கள், நுரைக்கு இடம் வேண்டும். கரிமத் திடப்பொருள் 5 சதவீதம் இருக்கும்படி அரைத்த கழிவைக் கரையுங்கள். சூடாக்கிய எரிவாயுக் கலன் சேறு பத்தில் ஒரு பங்கு சேருங்கள். நைட்ரஜனைச் சில நிமிடம் குமிழவிட்டு, ஒரு குழாயை நீர்ப்பொறிக்குள் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீர்க் குப்பி) விட்டு மூடுங்கள். வெப்பம் 35 முதல் 37 டிகிரி. சேறு இல்லாமல் கழிவு மட்டும், கழிவு இல்லாமல் சேறு மட்டும் என்று இரண்டு ஒப்பீட்டுப் பாட்டில்களையும் பக்கத்திலேயே வையுங்கள். அவை இல்லாமல் வரும் எண்ணை நம்ப முடியாது.

முதல் 48 மணி நேரம்தான் கவனத்தைக் கேட்கும். சில மணி நேரத்தில் திடப்பொருள் பொங்கி மேலே வந்து தொப்பி மாதிரி நிற்கும், நீர்ப்பொறியில் குமிழ் ஓடும். கவனிக்காமல் ஓர் இரவு விட்டால் காலையில் பிஎச் 4 பக்கம் கிடக்கும். அப்போது வாடை புளிப்பாக, கிட்டத்தட்ட இதமாகவே இருக்கும். அது லாக்டிக் அமிலம். அந்த பிஎச்சில் லாக்டிக் பாக்டீரியாவைத் தவிர மற்றவை சுருண்டுவிடும், கலன் அங்கேயே உறைந்து நிற்கும். காரம் விட்டு 6க்குக் கொண்டுவந்தால் மறுபடி ஓடும். லாக்டிக் அளவு ஏறி, பிறகு இறங்கும், அதன் இடத்தில் பியூட்டிரிக்கும் புரோப்பியோனிக்கும் வரும். வாடை கெட்டுப்போன வெண்ணெய்க்கு மாறினால் வண்டி சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மொத்த அமிலம் சமநிலைக்கு வந்துவிடும்.

அளப்பதற்கு வாயு நிறப்பகுப்பி இருந்தால் ஒவ்வொரு அமிலமும் தனித்தனியாகத் தெரியும். இல்லாவிட்டால் தினசரி கண்காணிப்புக்குத் தரம்பார்த்தல் முறையே போதும், மொத்த அமிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடும். இறங்கினால் உள்ளே யாரோ தின்கிறார்கள். வாயுவில் மீத்தேன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிஎச்சைக் கொஞ்சம் குறைத்து, தங்கும் காலத்தையும் குறையுங்கள்.

அமிலம் லிட்டருக்கு இருபது, முப்பது கிராமைத் தாண்டாமல் நிற்பதற்குக் காரணம் அமிலமேதான். ஹைட்ரஜனை விடாத முழு அமில மூலக்கூறு செல்சவ்வைத் துளைத்து உள்ளே போய், அங்கே உடைந்து செல்லைப் புளிக்க வைக்கும். பிஎச் 4.8இல் பாதி அமிலம் இந்த வடிவில் இருக்கும். பிஎச் 6இல் அது 6 சதவீதம்தான். காரம் ஊற்றுவதன் பொருளே இதுதான். அமிலம் அங்கேயேதான் இருக்கிறது, விஷம் மட்டும் அடங்குகிறது.

ஆறு கார்பன் வரை நீட்டுவது

க்ளாஸ்ட்ரிடியம் க்ளூவெரி என்ற பாக்டீரியா எத்தனாலையும் அசெட்டிக் அமிலத்தையும் சேர்த்து, ஒரு சுற்றுக்கு இரண்டு கார்பன் வீதம் சங்கிலியை நீட்டும். இரண்டு நான்காகும், நான்கு ஆறாகும். இதைப் பிரித்தெடுத்தவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் பார்க்கர், பெயர் டச்சு நுண்ணுயிரியலாளர் ஆல்பர்ட் க்ளூவரை நினைத்து வைத்தது. கிடைக்கும் காப்ரோயிக் அமிலம் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம்தான் தண்ணீரில் கரையும். அசெட்டிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் இது பிரித்தெடுப்பவருக்குப் பெரிய வரம்.

எத்தனாலை வெளியிலிருந்து வாங்கி ஊற்றினால் வேதியியல் நன்றாக வேலை செய்யும், கணக்கு வேலை செய்யாது. கழிவிலிருந்து பொருள் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு நல்ல எரிபொருளைச் செலவழிக்கிறோம். எனக்குப் பிடித்தது லாக்டிக் வழி. மாவுச்சத்து அதிகமுள்ள கழிவு முதலில் லாக்டிக் அமிலமாகத்தான் புளிக்கும் என்று மேலே பார்த்தோமே, மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி போன்ற பாக்டீரியாக்கள் அந்த லாக்டிக்கையே எத்தனாலுக்குப் பதிலாக எடுத்து நீட்டும். இரண்டு கலன் போதும். முதல் கலனில் பிஎச்சைக் கட்டுப்படுத்தாமல் லாக்டிக் ஆக விடுங்கள். அந்தத் திரவத்தை இரண்டாவது கலனில் பிஎச் 5.5 முதல் 6 வரை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் லாக்டிக் புரோப்பியோனிக் பக்கம் திரும்பிவிடும், பிறகு ஐந்தும் ஏழுமாக ஒற்றைப்படைக் கார்பன் அமிலங்கள் கலந்துவரும்.

இங்கே நச்சு வரம்பு மிகக் குறைவு. ஹைட்ரஜனை விடாத வடிவில் உள்ள காப்ரோயிக் அமிலம் லிட்டருக்கு ஒரு கிராமை நெருங்கும்போதே பாக்டீரியா சுணங்கிவிடும். பிஎச் 5.5இல் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வடிவில் இருக்கும், ஆக மொத்தம் 5 கிராம் சேர்ந்தாலே முட்டுக்கட்டைதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமிலத்தை உறிஞ்சி எடுத்தால் இந்தத் தடை நகரும். இதைப் பிரித்தெடுக்கும் பகுதியில் பார்ப்போம்.

எண்ணெய் ஈஸ்ட்

அமிலப் பாதையில் பழகிய கைக்கு இங்கே எல்லாமே நேரெதிராக இருக்கும். கலப்புக் கூட்டம் கூடாது, ஒற்றை ஈஸ்ட்தான். கிருமி நீக்கம் கட்டாயம். காற்று இல்லாமல் இல்லை, நிறையக் காற்று வேண்டும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி.

ஈஸ்ட் எண்ணெய் சேர்ப்பது செழிப்பினால் மட்டும் இல்லை. நைட்ரஜன் தீர்ந்துபோய், கார்பன் மட்டும் மிஞ்சி நிற்கும்போதுதான் சேர்க்கும். புரதம் கட்ட வழியில்லாததால் செல் பெருக முடியாது, ஆனால் சர்க்கரை உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்போது சிட்ரேட் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே வந்து உடைந்து அசெட்டைல் கோஎன்சைம் ஏ ஆகி, கொழுப்பாகக் கட்டப்படும். ஆகவே ஊடகத்தில் நைட்ரஜன் எவ்வளவு என்பதுதான் முழு வடிவமைப்பு.

கணக்கு எளிது. கொழுப்பை நீக்கிய ஈஸ்ட் எடையில் நைட்ரஜன் சுமார் 8 சதவீதம். லிட்டருக்கு 0.5 கிராம் நைட்ரஜன் கொடுத்தால் ஏறக்குறைய 6 கிராம் செல் கட்டலாம். அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 21 சதவீதம் என்பதால் அது 2.4 கிராம் உப்பு. இதோடு 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால், செல் கட்ட 12, 13 கிராம் போக மீதி எண்ணெய்க்கு. ஏட்டில் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் கிராமுக்கு 0.32 கிராம் எண்ணெய், நடைமுறையில் 0.2 வந்தாலே நல்ல கலன். அப்படியானால் லிட்டருக்கு 7 கிராம் எண்ணெய். இந்தக் கலவையில் கார்பன், நைட்ரஜன் விகிதம் 40. இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். விகிதம் அளவு மீறினால் யாரோவியா எண்ணெயை விட்டுவிட்டுச் சிட்ரிக் அமிலத்தை வெளியே தள்ளத் தொடங்கும், செல்லும் போதாமல் போகும். ஊடகத்தில் ஈஸ்ட் சாறு சேர்த்தால் அதிலும் நைட்ரஜன் உண்டு, அதைக் கணக்கில் விட்டுவிட வேண்டாம்.

சரி, அமில நீரையே ஈஸ்ட்டுக்கு ஊட்டினால்? முடியும். யாரோவியா அசெட்டிக் அமிலத்தை நன்றாகவே உண்ணும். உணவுக் கழிவு அமில நீரில் வரும் சிக்கல் அம்மோனியா. புரதம் சிதைந்து நைட்ரஜன் தாராளமாக இருப்பதால் ஈஸ்ட் கொழுக்காமல் பெருகிக்கொண்டே போகும். வழி என்னவென்றால், அமில நீரைச் செல் வளர்க்கும் முதல் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணெய் சேர்க்கும் இரண்டாவது கட்டத்துக்கு நைட்ரஜன் இல்லாத கார்பனைக் கொடுப்பது. பயோடீசல் ஆலையில் உற்பத்தி எடைக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மிஞ்சும் கிளிசரால் அதற்கு அருமையாகப் பொருந்தும். சோப்பையும் மெத்தனாலையும் முதலில் நீக்கிவிட வேண்டும்.

அமிலம் ஊட்டும்போது ஒரு நல்ல வசதி கிடைக்கும். அமிலத்தின் உப்பை ஈஸ்ட் தின்னத் தின்ன, காரம் பின்னால் தங்கி பிஎச் ஏறும். அதைச் சரிசெய்ய ஊற்ற வேண்டியது அமிலம். அந்த அமிலத்தையே உணவாக வைத்துவிட்டால் பிஎச் கட்டுப்படுத்தும் பம்ப்தான் ஊட்டும் பம்ப். ஈஸ்ட் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவுதான் உள்ளே போகும், நச்சு அளவுக்குச் சேராது. ஆனால் கலனில் மிதக்கும் பிஎச் முனை அழுக்குப் படிந்து தவறாகக் காட்டினால் ஒரே இரவில் முழுப் புட்டியும் காலியாகி எல்லாம் செத்துவிடும். பம்ப்புக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

எண்ணெய் சேர்வதை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். தொடக்கத்தில் செல் தெளிவாக, உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கும். நைட்ரஜன் தீர்ந்து சில மணி நேரத்தில் சின்னச் சின்ன மினுங்கும் மணிகள் தோன்றும், பிறகு அவை ஒன்றுசேர்ந்து செல்லை அடைத்துக்கொள்ளும். நைல் ரெட் சாயம் இட்டு ஒளிர் நுண்ணோக்கியில் வைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். கார்பன் தீர்ந்த பிறகும் கலனைச் சும்மா ஓடவிட்டால் ஈஸ்ட் தன் எண்ணெயைத் தானே தின்னத் தொடங்கும். அறுவடை நேரத்தை வார விடுமுறையில் விழாதபடி திட்டமிடுங்கள்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே பார்த்த 90 கிராம் அமிலம் முழுவதும் ஈஸ்ட்டுக்குப் போய், கிராமுக்கு 0.15 வீதம் எண்ணெய் வந்தாலும் 13, 14 கிராம்தான். ஒரு கிலோ கழிவுக்கு மூன்று தேக்கரண்டி. அதே கழிவின் சிஓடியில் 70 சதவீதம் மீத்தேனானால் 60 லிட்டர் வாயு கிடைத்திருக்கும். எண்ணெய்க்கு எரிபொருளைவிட மேலான பயன் இருந்தால்தான் இந்தப் பாதை பொருந்தும்.

வெளியே எடுப்பது

முதலில் திடத்தைப் பிரியுங்கள். வடித்து, மையவிலக்கில் சுற்றி, தேவைப்பட்டால் சவ்வு வடிகட்டி. இதில் அவசரப்பட்டால் அடுத்த எல்லாப் படியிலும் நுரையும் அடைப்புமாக வந்து நிற்கும்.

அமிலத்தைக் கரைப்பானால் இழுக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, டிரைஆக்டைல்அமீன் போன்றவை பெரும்பாலும் ஹைட்ரஜனை விடாத வடிவ அமிலத்தைத்தான் பிடிக்கும். நம் திரவத்திலோ 94 சதவீதம் உப்பாக இருக்கிறது. அதைத் திருப்ப சல்பியூரிக் அமிலம் ஊற்ற வேண்டும். ஆக, நொதிக்கும்போது காரம், பிரிக்கும்போது அமிலம், இரண்டும் சேர்ந்து கடைசியில் சோடியம் சல்பேட் கழிவு. லாக்டிக் அமிலத்தின் பழைய முறையிலும் இதே கதைதான். சுண்ணாம்பால் கால்சியம் லாக்டேட் ஆக்கி, சல்பியூரிக் அமிலத்தால் பிரித்தால் ஒரு கிலோ லாக்டிக் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஜிப்சம் மிஞ்சும். இருமுனைச் சவ்வு மின்பகுப்பு இதிலிருந்து தப்பிக்கும் வழி. மின்சாரம் உப்பைப் பிளந்து அமிலத்தை ஒரு பக்கமும் காரத்தை இன்னொரு பக்கமும் தரும், காரத்தைத் திரும்பக் கலனுக்கே அனுப்பலாம். சவ்வை அடைக்கும் கால்சியமும் மக்னீசியமும் முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

காப்ரோயிக்குக்கு இவ்வளவு தேவையில்லை. நொதிக்கும் திரவத்தை ஒரு துளைச்சவ்வு வழியாகக் கரைப்பானோடு உறவாட விட்டு, கரைப்பானிலிருந்து பிஎச் 9 காரநீருக்கு மாற்றிக்கொண்டே இருந்தால், அமிலம் உப்பாகச் செறிவடையும். கலனில் நச்சும் குறையும். போதிய செறிவு வந்ததும் அந்தக் காரநீரை பிஎச் 4க்குக் கீழே இறக்குங்கள். திரவம் முதலில் பால் போலக் கலங்கும். கொஞ்ச நேரம் அசையாமல் விட்டால் வெளிர் மஞ்சள் எண்ணெய்ப் படலம் மேலே திரண்டு நிற்கும், ஆட்டு வாடையோடு. பிரிபுனலில் கீழே உள்ள நீரை வடித்துவிட்டால் முடிந்தது.

ஈஸ்ட் எண்ணெய்க்குச் செல்லை உடைக்க வேண்டும், சுவர் கெட்டி. சிறு மணிகளோடு சேர்த்து அரைக்கும் மணி ஆலை, அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே தள்ளி நொறுக்கும் உயர் அழுத்த ஒருபடித்தாக்கி இரண்டும் நடைமுறையில் உள்ளவை. ஈரச் செல்லை நெடுநேரம் வைத்திருந்தால் அதன் லிப்பேஸ் நொதியே எண்ணெயை அரித்துக் கட்டற்ற கொழுப்பு அமிலமாக்கிவிடும். அறுவடை செய்தவுடன் சூடாக்கி நொதியை அடக்கிவிடுங்கள். எவ்வளவு எண்ணெய் என்று அளக்க 1957இன் ஃபோல்ச் முறை, 1959இன் ப்ளை, டையர் முறை இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் குளோரோஃபார்ம் கேட்பவை, அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திக்கு ஹெக்சேன். அது தீப்பற்றும், வெறும் சுடுதட்டின் மேல் ஆவியாக்கக் கூடாது. கிடைக்கும் எண்ணெயில் ஒலீயிக், பால்மிட்டிக் அமிலங்களே முதன்மையானவை, பனை எண்ணெயை ஒத்திருக்கும். பயோடீசல், சோப்பு, மசகு எண்ணெய் என்று போகலாம். கலவைக் கழிவில் விளைந்ததை உணவுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த அளவுக்குப் போகும் முன்

அமிலம் எடுத்த பிறகு மிஞ்சும் திடத்தில் இன்னும் பாதி வரை சிஓடி இருக்கலாம். அதை மீத்தேன் கலனுக்கு அனுப்பினால் சூடாக்கும் ஆற்றலில் ஒரு பங்காவது திரும்பும். இரண்டு கலனையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது.

ஒரு லிட்டரிலிருந்து பத்து லிட்டருக்குத் தாவ அவசரம் வேண்டாம். வெவ்வேறு வாரங்களில் சேகரித்த கழிவில் ஒரே மாதிரி விளைச்சல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கழிவு வாரத்துக்கு வாரம் மாறும், நல்ல விளைச்சல் அந்த ஒரு வாளியின் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அடுத்து சிஓடி கணக்கை மூடுங்கள். உள்ளே போனதில் 90 சதவீதமாவது அமிலம், வாயு, செல், மிச்சத் திடம் என்று வெளியே காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் முதலில் வாயுக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். கசிவு இல்லையென்றால் நீங்கள் அளக்காத லாக்டிக் அமிலமோ எத்தனாலோ திரவத்தில் கிடக்கும். எத்தனாலுக்கு வாயு நிறப்பகுப்பியிலும், எளிதில் ஆவியாகாத லாக்டிக்குக்குத் திரவ நிறப்பகுப்பியிலும் தரநிலைக் கரைசல் போட்டு மாதிரியை மறுபடி ஓட்டுங்கள்.